கடல் கடந்த இல்லம்: சீனத்துச் சுவான்சௌ நகரில் ஒரு குடும்ப வாழ்க்கை

சீன தேசத்தின் தென்கீழ்க் கரையிலே, தாய்வான் தீவுக்கு எதிராக அமைந்துள்ளது புஜியான் மாகாணம். அம்மாகாணத்துப் பழம்பெருந் துறைமுகங்களுள் ஒன்று சுவான்சௌ. எமது கல்லூரியின் பழைய மாணவரும் எம் உடன்பிறந்தாருமாகிய தம்பியார் 2018ஆம் ஆண்டு முதல் அந்நகரிலே மனைவியோடும் மகளோடும் வாழ்ந்து வருகின்றார். ஆடை தைக்கும் தொழிற்சாலையொன்றிலே தர மேற்பார்வை அவர் தொழில். கடல் கடந்து வாழும் பழைய மாணவரைப் பற்றி விழா மலர்க்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் விடுப்புப் பெற்று அவ்வீட்டிலே மூன்று கிழமை தங்கியிருந்து கண்டவற்றை எழுதுதல் பொருத்தமாகும் எனக் கருதினோம்.

அப்பயணம் ஊர் பார்க்கும் விருப்பினால் மட்டும் எழுந்ததன்று. எழுபத்து நான்கு வயதினரான எம் அன்னையார், தம் பேத்தியை மூன்று வயதுக் குழந்தையாக வழியனுப்பியவர். 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோயின் பொருட்டுச் சீனம் தன் எல்லைக் கதவுகளை இறுக்கிற்று. 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேதான் அவை மீண்டும் நன்கு திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்குழந்தை ஒன்பது வயதுச் சிறுமியாயினாள். தொலைபேசியில் அன்னையார் தமிழிற் பேச, அவள் தலையசைப்பாள். விடை சொல்லும்போது சீனத்தில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். “பிள்ளை நான் சொல்லுறதை விளங்கிக்கொள்ளுது, நான்தான் பிள்ளையை விளங்கேல்லை” என்று அன்னையார் ஒருநாட் கூறினார். தமிழாசிரியராகிய எமக்கு அச்சொல் உறுத்திற்று. ஆகவே புறப்பட்டோம்.

குடிபதிதல்

கொழும்பிலிருந்து விமானத்திற் குவாங்சௌ நகரை அடைந்து, அங்கிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஏறினோம். கரையோரமாகச் செல்லும் அப்பாதையில் வண்டி மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே ஓடுகின்றது. பயணச்சீட்டெனக் கையிற் கடதாசி எதுவும் இல்லை. கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும். அன்னையார் தம் கைப்பையிலே பயணச்சீட்டைத் தேடித் தேடிக் களைத்தார்.

சீனத்திலே விடுதியில் தங்காது வீட்டில் தங்கும் அயல்நாட்டவர், வந்து சேர்ந்த 24 மணித்தியாலத்துள் அப்பகுதிப் பொலிஸ் நிலையத்திலே தம்மைப் பதிந்துகொள்ளல் வேண்டும். வேலைக்கெனக் குடும்பத்தோடு வருவோர் இதற்கும் மேலாக, நாட்டிற் புகுந்த 30 நாட்களுள் வதிவு அனுமதிக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தம்பியார் முதன்முறை சென்றபோது வீட்டு வாடகை ஒப்பந்தம், தொழில் அனுமதி, திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகிய அனைத்தையும் சீன மொழிபெயர்ப்போடு சுமந்து திரிந்தாராம்.

எம்மவர்க்குப் பொலிஸ் பதிவு என்னும் பெயரே பழைய நாட்களை நினைவூட்டவல்லது. கொழும்பில் விடுதி அறைகளிலே தங்கிப் பதிவுத் துண்டோடு நடமாடிய காலத்தை அன்னையார் மறந்தாரல்லர். நிலையத்து வாயிலில் அவர் கால்கள் தயங்கின. உள்ளே இருந்த இளம் உத்தியோகத்தர் எழுந்து நாற்காலியை இழுத்துக் கொடுத்து, கடதாசிக் கிண்ணத்திலே வெந்நீர் வார்த்துக் கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்னையார் வெளியே வந்தபின்னும் அக்கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தார்.

வீடும் வீதியும்

தம்பியார் வீடு இருபத்தெட்டு மாடித் தொடர்மாடியொன்றின் பதினைந்தாம் மாடியிலுள்ளது. மின்தூக்கியிலே நான்கு என்னும் இலக்கத்தைக் காணோம். சீனத்திலே நான்கைக் குறிக்குஞ் சொல்லும் சாவைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியால் நெருங்கியன. ஆதலின் பல கட்டடங்களில் அவ்விலக்கத்தைத் தவிர்த்துவிடுகின்றனர்.

மார்கழிக் குளிர் அவ்வூரிற் கடுமையானதன்று. ஆயினும் வீட்டினுள்ளே கையுறை தேடவேண்டியிருந்தது. காரணம் உண்டு. சீனத்தைக் குறுக்கே பிரிக்கும் சின்லிங் மலைக்கும் குவாய் ஆற்றுக்கும் வடக்கேயுள்ள நகரங்களிலேயே பொதுக் கொதிகலன்களால் வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாடு உண்டு. தெற்கேயுள்ள நகரங்களுக்கு அது வழங்கப்படவில்லை. எனவே வடபுலத்தார் பனிக்காலத்தில் வீட்டினுள் மெல்லாடையோடு இருக்க, தென்புலத்தார் வீட்டினுள்ளும் கம்பளிச் சட்டையோடு சோறு உண்கின்றனர். பள்ளியிலும் தொழிற்சாலையிலும் புகையிரத நிலையத்திலும் வெந்நீர்க் குழாய் உண்டு. எவர் கையிலும் மூடியுள்ள நீர்ப்புட்டி காணலாம். குளிர்ந்த நீரைக் குடிப்போரை அவர்கள் நோயாளரைப் பார்ப்பதுபோற் பார்க்கின்றனர்.

கைத்தொலைபேசியின்றி அந்நாட்டிலே ஒருநாள் வாழ்தல் அரிது. கீரை விற்கும் கிழவியும் கூடையின் மேலே சதுரக் கோட்டுப் படம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கின்றார். தொலைபேசியை அதன்மேற் காட்டினாற் காசு சேர்ந்துவிடும். அலிபே, வீசாட் என்னும் இரண்டுமே அங்குப் பணப்பை. எம் நாட்டிலே வழங்கும் வட்ஸ்அப், முகநூல், கூகிள் முதலியன அங்கு இயல்பாக இயங்கா. எனவே ஊரிலுள்ள உறவினர் எல்லாரும் வீசாட்டைப் பழகிக்கொண்டாலன்றித் தம்பியார் குடும்பத்தாரோடு முகம் பார்த்துப் பேசவியலாது.

தம்பியாரின் மனைவி சீனம் கற்ற கதை கேட்கத்தக்கது. சீனப் பொதுமொழியில் ஒரே அசை நான்கு இசைகளில் நான்கு பொருள்களைத் தரும். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி வளைத்துச் சொன்னால் வாங்குதல். மேலிருந்து சடுதியாக இறக்கிச் சொன்னால் விற்றல். முதல் மாதத்திலே அவர் சந்தைக்குச் சென்று, கத்தரிக்காய் விற்க வந்திருப்பதாக ஒவ்வொரு கடையிலும் அறிவித்தாராம். கடைக்காரர் அவர் பையை எட்டிப் பார்த்து, அதனுள்ளே ஒன்றும் இல்லையே என்று வியந்தனராம்.

எம் அன்னையார் மொழியைக் கற்க முயலவில்லை, விரலைக் கற்றார். சீனர் ஒன்று முதற் பத்துவரை ஒரு கையாலேயே காட்டுவர். பெருவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்தால் எட்டு. நாலாம் நாளே அன்னையார் சந்தையில் விரல் காட்டிப் பேரம் பேசினார். ஒரேயொரு தடுமாற்றம்: அங்கு நிறையளவு ‘ஜின்’ எனப்படும், ஒரு ஜின் 500 கிராம். ஒரு கிலோவின் விலை என நினைத்து மலிவென்று மகிழ்ந்தவர், வீட்டுக்கு வந்து தூக்கிப் பார்த்தபின்னரே உண்மையை உணர்ந்தார்.

உணவு

சைவ உணவினர்க்குச் சீனம் எளிதன்று. ‘மரக்கறி’ என்று கேட்டால் மரக்கறி வரும். அதன்மேல் இறைச்சித் துருவலும் தூவப்பட்டு வரும். அவ்வாறு வந்த தட்டொன்றை அன்னையார் ஒரு கவளம் எடுத்தபின் கண்டுகொண்டார். கடைக்காரர் மனம் வருந்தி வேறொன்று சமைத்துத் தந்தார். அவர் எண்ணத்திலே சிறிதளவு இறைச்சி சுவைக்காகச் சேர்ப்பதேயன்றி அது இறைச்சி உணவன்று. ‘சூ’ என்னுஞ் சொல்லே சரியான மரக்கறியுணவைக் குறிப்பது. பௌத்த ஆலயங்களின் அருகே அச்சொல்லைப் பலகையில் எழுதிய உணவுச்சாலைகள் உண்டு. விரத நாட்களிலே தம்பியார் குடும்பம் அங்கே உண்ணும்.

வீட்டிலே எம்மூர் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் புட்டியில் இருந்தன. கறிவேப்பிலை பூந்தொட்டியில் வளர்கின்றது. தேங்காய் ஹைனான் தீவிலிருந்து வரும். வத்தாளங்கிழங்கோ எங்கும் மலிவு. 1593ஆம் ஆண்டில் சென் சென்லொங் என்னும் வணிகர் லூசோன் தீவிலிருந்து அதன் கொடியைப் புஜியானுக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. பஞ்ச காலத்தில் அம்மாகாணத்தைக் காத்தது அக்கிழங்கே.

பக்கத்து வீட்டு மூதாட்டியார் எம்மைத் தேநீருக்கு அழைத்தார். அன்சி என்னும் மலைப்பகுதியில் விளையும் தியெகுவான்யின் என்னும் தேயிலை அவ்வூர்ப் பெருமை. பெருவிரல் அளவான கிண்ணங்களில் வார்த்து, முதல் நீரைக் கொட்டி, இரண்டாம் நீர் முதல் அருந்துகின்றனர். அப்போது அவர் தம் ஊர்மொழியாகிய மின்னான் மொழியிலே அதனைத் ‘தே’ என்றார். அன்னையார் திடுக்கிட்டு எம்மைப் பார்த்தார். எம்மூரில் தேத்தண்ணி என்கின்றோமே, அந்தத் ‘தே’யின் பிறப்பிடம் இக்கரையே. இத்துறைகளில் வணிகம் செய்த ஒல்லாந்தர் வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற்கு அச்சொல் பரவிற்று. வடசீனத்துச் ‘சா’ தரைவழி சென்றதனால் வடஇந்தியர்க்குச் சாய் ஆயிற்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியபின் எம் நாட்டு மலைகள் தேயிலைமயமாயின. அதற்கான பெயரோ இக்கிண்ணத்திலிருந்து வந்தது.

பாடசாலை

சிறுமி உள்ளூர் அரசாங்கப் பாடசாலையிலே மூன்றாம் வகுப்பிற் படிக்கின்றாள். அவள் வகுப்பிலே அயல்நாட்டுப் பிள்ளை அவள் ஒருத்தியே. ஆசிரியத் தொழிலர் ஆதலின் யாம் ஆவலோடு கேட்டறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கல்வியாண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் தொடங்கும். மதிய உணவின் பின் பிள்ளைகள் மேசைமேல் தலைவைத்துச் சிறிது உறங்குவர். நாள்தோறும் குறித்த வேளையில் ஒலிபெருக்கியின் எண்ணுக்கு ஏற்பக் கண்களைச் சுற்றி விரலால் அழுத்தும் பயிற்சி செய்வர். 1963ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் உண்டு. எழுத்து முறையோ வியப்பானது. முதல் வகுப்பிலே, 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் என்னும் உரோமன் எழுத்து முறையால் ஒலியைக் கற்பிக்கின்றனர். அதனோடு எழுத்துக்கள். ஆறாம் வகுப்பு முடியுமுன் 3000 எழுத்துக்களை இனங்காணவும், அவற்றுள் 2500ஐ எழுதவும் வல்லராதல் வேண்டும். எமது பிள்ளைகள் 247 எழுத்தென்று முறையிடும்போது இதனைச் சொல்லிக் காட்டலாம்.

ஒவ்வோரெழுத்துக்கும் கோடு இழுக்கும் வரிசை உண்டு. வரிசை பிறழ்ந்தால் எழுத்துச் சரியாயினும் பிழையே. பயிற்சிப் புத்தகம் முழுதும் சதுரக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓரெழுத்து. மனிதன் ஒருவனை மரத்தின் அருகே எழுதினால் இளைப்பாறுதல் என்று பொருள். கூரையின் கீழே பன்றியை எழுதினால் வீடு. சிறுமி இவற்றை எமக்கு எழுதிக் காட்டினாள். யாம் கேட்டது தமிழில். அவள் விளக்கியது சீனத்தில். இடையிலே தம்பியார் மொழிபெயர்த்தார். ஒரே குடும்பத்து மூவர் ஒரு மேசையிலிருந்து பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டியதாயிற்று.

இதற்காக எவரையுங் குறை கூறுதல் முறையன்று. காலை ஏழரை முதல் மாலை வரை அவள் செவியில் விழுவது சீனம். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மணித்தியாலம் வீட்டுவேலை. தந்தையார் இரவு எட்டுக்கு வருவார். மகள் பாடசாலையிற் பின்தங்கக்கூடாதென்று அஞ்சிய தாயார், தாமும் அவளோடு சீனம் பேசிப் பழகினார். அவ்வச்சமும் நியாயமானதே. தமிழை எவரும் துரத்தவில்லை. அதற்கு நேரமொதுக்கவே எவர்க்கும் இயலவில்லை.

உறவுப் பெயர்கள்

ஐந்தாம் நாள் மாலை மின்தூக்கியில், தேநீர் தந்த மூதாட்டியார் எம் அன்னையாரைச் சுட்டிச் சிறுமியிடம் ஏதோ கேட்டார். “நைநை” என்று அவள் விடையிறுத்தாள். பொருள் யாதெனக் கேட்டோம். தந்தையின் தாய் ‘நைநை’. தாயின் தாய் ‘வைபோ’. இவர் அவ்விருவருள் யார் என்பதே கேள்வி.

அன்னையார்க்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. ஆங்கிலத்திலே இருவர்க்கும் ஒரே பெயர். எம்மவர்க்கோ அப்பம்மா வேறு, அம்மம்மா வேறு. அன்றிரவு உணவு மேசையிலே உறவுப் பெயர் அனைத்தையும் ஒப்பிடத் தொடங்கினோம். தந்தையின் தமையன் ‘போபோ’, அவனே பெரியப்பா. தந்தையின் தம்பி ‘ஷுஷு’, அவனே சித்தப்பா. தாயின் உடன்பிறந்தான் ‘ஜியுஜியு’, அவனே மாமன். மூத்தவன் ‘கெகெ’, இளையவன் ‘திதி’. மூத்தவள் ‘ஜியெஜியெ’, இளையவள் ‘மெய்மெய்’: இவர்களே அண்ணனும் தம்பியும் அக்காளும் தங்கையும். சீனச்சொல் ஒன்றைச் சிறுமி சொல்ல, அதற்குரிய தமிழ்ச் சொல்லை அப்பம்மா சொல்லுவார். ஆங்கிலத்தால் அவ்விளையாட்டை ஆடமுடியாதென்பதைச் சிறுமியே கண்டு சிரித்தாள். புத்தாண்டைப் பற்றியும் பேசினோம். வசந்த விழாவின்போது பெரியோர் சிவப்பு உறையிலே பணம் வைத்துப் பிள்ளைகளுக்கு அளிக்கின்றனர். எம்மூர்க் கைவிசேடம் அதுவே. அதுவரை தமிழ் அவளுக்கு வேறெங்கோ உள்ள ஊரின் மொழி. அன்று முதல் அது தான் அறிந்ததொன்றின் மறுபெயராயிற்று என்று எமக்குத் தோன்றிற்று.

கண்ட இடங்கள்

விடுமுறை நாட்களிலே தம்பியார் எம்மைப் பல இடங்களுக்கு அழைத்துச் சென்றார். நகரின் வடகீழ்த் திசையிலே லொயாங் பாலம் உள்ளது. 1053 முதல் 1059 வரை, சாய் சியாங் என்னும் ஆளுநர் காலத்தில், கடற்கழியின் குறுக்கே கல்லாற் கட்டப்பட்டது. அலையால் அடித்தளக் கற்கள் பெயராமலிருக்க, அவற்றின்மேல் ஊரிகளை வளர்த்தனர். அவை ஒட்டிப் பெருகிக் கற்களை ஒன்றாகப் பிணித்தன. சீமெந்து அறியாத காலத்தில் உயிருள்ள சாந்து கண்டனர்!

சுன்பு என்னும் மீனவர் ஊரிலே அவ்வூரியின் ஓடுகளாலே வீட்டுச் சுவர் கட்டியுள்ளனர். அவ்வூர்ப் பெண்டிர் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச் சூடுவர். அண்மை ஆண்டுகளில் நாடெங்கிலுமிருந்து வரும் இளம்பெண்கள் காசு கொடுத்து அவ்வாறு பூச்சூடிப் படம் எடுத்துச் செல்கின்றனர். அன்னையார்க்கும் ஒருத்தி பூச்சூட்ட வந்தாள். கணவரை இழந்த நாள் முதல் பூ வைக்காதவர், கையசைத்து மறுத்துவிட்டார். அப்பூ பேத்தியின் தலைக்கு ஏறிற்று.

சியாமென் நகரிலிருந்து சிறு கப்பலிற் கூலாங்யூ தீவுக்குச் சென்றோம். மோட்டார் வண்டி ஓடாத தீவு அது. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின்பின் அங்கு வந்து குடியேறிய ஐரோப்பியர், தமக்கெனத் தூதரகமும் தேவாலயமும் மாளிகையும் அமைத்து வாழ்ந்தனர். 2017இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அத்தீவு இடம்பெற்றது. கட்டடங்கள் அழகியன. ஆயினும் ஊரார்க்குப் புறம்பாக மதில் கட்டி வாழ்ந்த அவ்வயலார் வாழ்க்கையை, மின்தூக்கியில் நைநையா வைபோவா என்று கேட்கப்படும் எம் தம்பியார் வாழ்க்கையோடு ஒப்பிடாதிருக்க முடியவில்லை.

கோயிற் கல்லிலே ஒரு கதை

இறுதிக் கிழமையிலே கையுவான் ஆலயத்துக்குச் சென்றோம். 686ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பௌத்த ஆலயம் அது. அதன் இரு கற்கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. கீழைக் கோபுரம் 48 மீற்றர் உயரமுடையது. 1604ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்திலும் அவை விழவில்லை.

இவ்விடத்தில் வரலாறு சிறிது கூறுதல் வேண்டும். அராபியர் இந்நகரைச் சைத்தூன் என்றனர். சோங், யுவான் அரசர் காலத்தில் உலகின் பெருந்துறைகளுள் ஒன்றாக விளங்கிற்று. இதனாலேயே 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் தலங்களையும் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1344ஆம் ஆண்டில் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்த இபின் பதூதா, பின்னர்ச் சீனம் செல்லுங்காற் கரையிறங்கிய துறை இதுவே. அக்காலத்திலே தமிழ் வணிகரும் இங்குக் குடும்பமும் கோயிலும் உடையராய் வாழ்ந்தனர். 1281ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே, சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனத்தை ஆண்ட குப்லாய் கானின் நலத்தின் பொருட்டு இந்நகரிற் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்று கூறும் தமிழ்க் கல்வெட்டொன்று 1956இல் வெளிப்பட்டது. 1357 முதல் 1366 வரை நடந்த கலகத்தோடு அயல்நாட்டு வணிகரின் வாழ்வு இங்குச் சிதைந்தது. கோயிலின் கற்கள் நகர மதிலிலும் பிற கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தன.

கடல்வழி உறவு மட்டும் அறவே அற்றுவிடவில்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ, 1409ஆம் ஆண்டிட்ட கல்லொன்றைச் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிற் பொறிப்பித்து இலங்கைக்குக் கொணர்ந்தார். அக்கல் 1911இற் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. கடல் வணிகத்தில் தமிழ் அன்று பெற்றிருந்த இடத்துக்கு அதனினும் வேறு சான்று வேண்டா.

கையுவான் ஆலயத்துப் பெருமண்டபத்தின் பின்புறத்திலே, அவ்வழிந்த கோயிலுக்குரிய இரு தூண்கள் நிற்கின்றன. நரசிங்கமும் கண்ணன் திருவிளையாடல்களும் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டுள. யாம் நூலில் இவற்றைப் படித்திருந்தமையால் ஆண்டுக் கணக்குகளை எடுத்துரைக்கலானோம். சிறுமி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னையாரோ எம்மைக் கேளாமலே தூணருகே சென்று, ஒரு வட்டத்தின் முன் நின்றுவிட்டார். அது கஜேந்திர மோட்சம். வல்லிபுர ஆழ்வார் திருவிழாக்களில் இளமை தொட்டுக் கேட்ட கதை. பேத்தியை அழைத்துக் கையைப் பற்றிக்கொண்டு, யானை தடாகத்தில் இறங்கியதும், முதலை காலைக் கவ்வியதும், இருவரும் நெடுங்காலம் இழுபட்டதும், யானை தாமரையை உயர்த்தி ஆதிமூலத்தை அழைத்ததும் ஆகியவற்றைத் தம் பேச்சுத் தமிழிலே மெல்லச் சொன்னார்.

ஊதுவத்தியோடு வந்த உள்ளூர் மூதாட்டியர் இருவர் அருகில் நின்று கேட்டனர்; மொழி விளங்காமலே கேட்டனர். பின்பு சிறுமியை வினாவினர். அவள் அப்பம்மா கூறியதைச் சீனத்தில் எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். கைகளை நீட்டி முதலையின் வாயைக் காட்டினாள். கதையின் நடுவே அம்மூதாட்டியருள் ஒருவர் ஏதோ இடைமறித்துக் கேட்க, சிறுமி திரும்பி, “யானை தப்பினதோ, அப்பம்மா?” என்றாள்.

அம்மூன்று கிழமையிலும் அவள் வாயினின்று வந்த முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. தப்பியது என்று அன்னையார் சொன்னார். மூதாட்டியர் இருவரும் அதனைக் கேட்டு மகிழ்ந்து, தூணை ஒருமுறை தொட்டுச் சென்றனர்.

எண்ணுவன

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீனத் துறவி பாஹியான் அனுராதபுரத்தில் ஈராண்டு தங்கினார். அபயகிரி விகாரையிலே புத்தர் சிலையின் முன்னர் வணிகனொருவன் படைத்த வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டு, அது தம் நாட்டதென உணர்ந்து கண்ணீர் வடித்தார் என அவர் பயணக் குறிப்புக் கூறுகின்றது. அயல்நாட்டில் வாழ்வோர்க்கு ஊர் நினைவு இவ்வாறு எதிர்பாராத ஒரு சிறு பொருளிலே வந்து நிற்கும். பெற்றோர்க்கு அது போதும். அங்கே வளரும் பிள்ளைக்குப் போதாது. நினைவதற்கு அப்பிள்ளையிடம் முன்னரே ஏதேனும் இருத்தல் வேண்டுமன்றோ?

சுவான்சௌ நகரிலே தமிழ்க் கல் உண்டு. அதனை வெட்டுவித்தார் வழியில் வந்து தமிழ் பேசுவார் எவரும் இலர். செல்வமும் அரசர் ஆதரவும் உடையராயிருந்த அவ்வணிகர்க்கே அவ்வாறாயிற்று. இன்று உலகெங்கும் பரந்துள்ள எமது பழைய மாணவர், அவ்வந்நாட்டு மொழியையும் ஒழுங்கையும் தம் பிள்ளைகள் நன்கு கற்கச் செய்தல் கடமை; எம் தம்பியார் குடும்பத்தார் அதிற் குறைவைக்கவில்லை. அதனோடு நாளுக்கு அரைமணி நேரம் தமிழுக்கு வைத்தல் வேண்டும். பாடநூலோடு தொடங்கவேண்டுமென்பதில்லை. உறவுப் பெயரும் ஒரு யானைக் கதையும் போதும். வீட்டிலே பாட்டியார் இருப்பாராயின் ஆசிரியரை வேறெங்கும் தேடவேண்டா. யாம் ஆண்டுக் கணக்குச் சொல்லிச் செய்யமாட்டாததை அவர் ஒரு தூணின் முன்னின்று செய்துகாட்டினார்.

ஊர் திரும்பியது முதல் சனிக்கிழமைதோறும் எமது நேரம் மாலை ஐந்தரைக்கு, அவர்கள் நேரம் இரவு எட்டுக்கு, தொலைபேசியில் வகுப்பு நடக்கின்றது. முதற் பாதி அப்பம்மாவின் கதை. மறுபாதி எமது எழுத்து. சில கிழமைகளில் வீட்டுவேலை மிகுதி என்று வகுப்பு நின்றுவிடும். சில சொற்களை அவள் இன்னும் சீனத்திலேயே சொல்லுகின்றாள். சென்ற மாதம் தன் கைப்பட எழுதிய முதற் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். சீனப் பயிற்சிப் புத்தகத்தின் சதுரக் கட்டங்களிலே, கட்டத்துக்கு ஓரெழுத்தாகத் தமிழ் எழுதியிருந்தாள். கொய்யா என்னுஞ் சொல்லில் வந்தபோது கட்டம் போதவில்லை. கீழே ஒரு கேள்வி: “பெரியப்பா, கொம்புக்கும் அரவுக்கும் தனித்தனிக் கட்டமோ, எல்லாம் ஒரே கட்டமோ?”

இருபதாண்டு தமிழ் கற்பித்த எம்மிடம் எந்த மாணவனும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. ஒரே கட்டம் என்று எழுதி அனுப்பினோம்.